நாலாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மஞ்சத்தண்ணி: பழைய கார் வெச்சிருக்கறவங்க கொஞ்சம் படிங்க

கோவம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். ஆறிட்டா 'போய்த் தொலையட்டும்'னு விட்டுடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும். ரேடியேட்டர் (எஞ்சின் சூட்டைத் தணிக்கற தண்ணி ஓடற பாகம்) மாத்தும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

வீடு கேரளாவுல, பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. வண்டி 2009 மாடல் ஆல்ட்டோ, மூணாவது கை. ஒரு மாசமா தினம் காலையில வண்டிக்கு அடியில ஈரம், ரேடியேட்டர் ஒழுகுது. எங்க மெக்கானிக் மாலை போட்டு மலைக்குப் போயிருந்தார். கம்பெனி சர்வீஸ்ல கேட்டா ஏழாயிரத்துக்கு மேல சொன்னாங்க. மாசக் கடைசி. பொண்ணுக்கு ஸ்கூல் டூர் காசு வேற கட்டியாச்சு. சரின்னு போன சனிக்கிழமை பார்டர் தாண்டி, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ரேடியேட்டர் பட்டறைக்குப் போனேன். பேரு வேண்டாம். அதுக்கு வேற சண்டைக்கு வருவான்.

கே.எல். நம்பரைப் பார்த்ததும் "வாங்க சேட்டா"ன்னான். நான் தமிழ்ல பேசினதும் மூஞ்சியே மாறிருச்சு. "அட, நம்ம ஆளுங்களாண்ணா!" ஸ்டூலைத் துடைச்சுப் போட்டான். டீ வந்துச்சு. ரேடியேட்டரைக் கழற்றி, குழாய் மாட்டற வாயெல்லாம் அடைச்சு, காத்து ஏத்தி, தொட்டித் தண்ணியில முக்கிக் காட்டினான். மேல் டேங்க் ஓரத்துல குமிழி குமிழியா வந்துச்சு. "பித்தளையா இருந்தா ஈயம் வெச்சுக் குடுத்திருவேனுங்கண்ணா. இது அலுமினியம், மேலயும் கீழயும் பிளாஸ்டிக் டேங்க். ஈயம் புடிக்காதுங்க." அவன் சொன்னது அத்தனையும் நெசம். அதுலதான் நான் கவுந்தேன்.

அட்டைப்பெட்டியப் பிரிச்சுப் புது ரேடியேட்டரை என் கையிலயே குடுத்தான். கூலி, கூலண்ட் எல்லாம் சேர்த்து நாலாயிரத்து அறுநூறு, ஒரு வருஷம் வாரண்டி. "பில் போட்டா டாக்ஸ் ஏறுமுங்க, கேஷா குடுத்துருங்கண்ணா." குடுத்தேன். மிச்சம் புடிக்கற ஆசை எனக்கும் இருந்துச்சு, மறைக்கலை. "ரெண்டு மணி நேரம் ஆகும், சாப்பிட்டு வாங்க"ன்னான். நானும் போய் நிதானமா சாப்பிட்டு வந்தேன். பானெட்டைத் திறந்தா மேல் டேங்க் மட்டும்தான் கண்ணுல படும். கன்னங்கரேல்னு மினுங்குச்சு. பெயிண்ட் வாசம் அடிச்சுது. புதுசுன்னா வாசம் வரும்தானேன்னு நினைச்சுக்கிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாமனாரைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுக் கோயம்புத்தூர் கிளம்பினேன். வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினதும் எஞ்சின் சூடு காட்டற முள்ளு சரசரன்னு மேல ஏறுது. ஓரங்கட்டினேன், பானெட்டுக்குள்ள இருந்து ஒரே ஆவி. முக்கா மணி நேரம் ஆறவிட்டு ரேடியேட்டர் மூடியத் திறந்தேன். உள்ள மஞ்சக்கலர்ல கொழகொழன்னு ஏதோ. மாமனார் எட்டிப் பார்த்து, "என்ன மாப்ளே, கொழம்பு வாசம் வருது?"ன்னார். மஞ்சத்தூள். சமையலறையில இருக்கற அதே மஞ்சத்தூள்.

மெக்கானிக் அன்னைக்கு ராத்திரிதான் மலையில இருந்து வந்திருந்தார். மறுநாள் காலையில ரேடியேட்டரைக் கழற்றி டேங்க் ஓரத்துல ஸ்க்ரூடிரைவரால ஒரு கீறு கீறினார். பெயிண்ட் தோலாட்டம் உரிஞ்சு வந்துச்சு. அடியில எம்-சீல், அதான் ஓட்டை அடைக்கற பசை, விரல்ல இழுவின தடத்தோட. வலது மூலையைப் பார்த்தேன். போன வருஷம் கல்லடிபட்டு மடங்கின ரெக்கை (குழாய்களுக்கு நடுவுல இருக்கற மெல்லிசுத் தகடு) அப்படியே இருக்கு. என் ரேடியேட்டருங்க அது! என் பழைய ரேடியேட்டரை எனக்கே நாலாயிரத்து அறுநூறுக்கு வித்திருக்கான். மஞ்சத்தூள் தண்ணியில ஊறிச் சின்ன ஓட்டையை ரெண்டு மூணு நாளைக்கு அடைச்சு நிக்குமாம். அப்புறம் ரேடியேட்டர்ல இருக்கற மெல்லிசுக் குழாய்களையும் அடைச்சுருமாம். தண்ணி சுத்தலைன்னா எஞ்சின் வெந்துரும்.

போன் பண்ணினேன். "ஏர் லாக்கா இருக்குமுங்க, உள்ள காத்து சிக்கியிருக்கும், ஓட ஓடச் சரியாயிரும்." மறுபடி பண்ணினேன். "ஓனர் கல்யாணத்துக்குப் போயிருக்காருங்க." பேசறது அவனேதான், குரல் தெரியாதா? மூணாவது தடவை ரிங்கே போகலை. நேத்து பஸ் ஏறிப் போனேன். "பில் இருக்குங்களா?" இருக்கறது 'எஸ்டிமேட்'னு போட்ட ஒரு துண்டுச்சீட்டு, அதுல 'ரேடி 4600'. "இதுல எங்க கடைப்பேரு எங்கீங்க இருக்கு?" கடைசியா ஒண்ணு சொன்னான்: "கேரளா வண்டிக்கெல்லாம் வாரண்டி கிடையாதுங்க சேட்டா." காசு வாங்குறவரைக்கும் அண்ணன், வாங்கினப்புறம் சேட்டன்.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்திருக்கேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், கடை தமிழ்நாட்டுல இருந்தாலும் பாலக்காட்டுல போடலாம். நாம குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா கேஸுக்கு ஃபீஸும் இல்லை. ஆனா அங்க எதைக் காட்டறது, அந்தத் துண்டுச்சீட்டையா? நாலாயிரத்து அறுநூறு!

விவரமா சொல்றேன்னேன், கை ஓடலை. பில் இல்லாம காசு குடுக்காதீங்க. மாட்டி முடிக்கறவரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க, பசிச்சாலும். பழசைக் கேட்டு வாங்கி வண்டியில போட்டுட்டு வாங்க. சூடா இருக்கறப்ப மூடியத் திறக்காதீங்க, மூஞ்சி வெந்துரும். இவ்வளவுதான் இப்ப தோணுது. மெக்கானிக் போன் அடிக்கறார், எஞ்சின் ஹெட்டை, அதான் எஞ்சினோட மேல்பாகத்தை, கழற்றிட்டாராம்.