கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்: மாருதி ஷோரூமில் ஒரு டொயோட்டா

மாருதி கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி) வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள், அதில் டவுனுக்குள் எவ்வளவு? ஆடிட்டர் புத்தி, என்ன செய்வது. கோயம்புத்தூரில் ஆபீஸ், கிளையன்ட்கள் திருப்பூர், பொள்ளாச்சி, குன்னூர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். எல்லா இடத்துக்கும் இந்த வண்டியில்தான் அலைகிறேன்.

வண்டியில் யாருடைய பங்கு எது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பிளாட்பாரம், டேஷ்போர்டு, 9 இன்ச் டச் ஸ்கிரீன் எல்லாம் சுசுகி. பானட்டுக்குள் இருக்கும் 1,490 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின், கூடவே மோட்டார், இ-சிவிடி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எல்லாம் டொயோட்டா. வண்டி உருவாவதும் மாருதியின் தொழிற்சாலையில் அல்ல. பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் இருக்கும் டொயோட்டா ஆலையில். இதன் இரட்டைப்பிறவியான டொயோட்டா ஹைரைடரும் அங்கேதான் தயாராகிறது. ஹைரைடரின் விலை குறைந்த மைல்டு ஹைப்ரிட் (மோட்டார் இன்ஜினுக்குக் கை மட்டும் கொடுக்கும், தனியாக வண்டியை ஓட்டாது) மாடல்களிலோ சுசுகியின் 1,462 சிசி இன்ஜின் ஓடுகிறது. கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் உண்டு.

இது ஒரே நாளில் நடந்ததல்ல. 2019 ஆகஸ்டில் டொயோட்டா 9,600 கோடி யென் போட்டு சுசுகியில் 4.94 சதவீதப் பங்கு வாங்க முடிவு செய்தது. சுசுகியும் 4,800 கோடி யெனுக்கு டொயோட்டா பங்கு வாங்குவதாக ஒப்புக்கொண்டது. அதே வருஷம் பலேனோ பேட்ஜ் மாறி கிளான்சாவாக டொயோட்டா ஷோரூமுக்குப் போனது. ஹைப்ரிட் இந்தப் பக்கம் வந்தது 2022 செப்டம்பரில், கிராண்ட் விட்டாராவோடு.

2019-இல்தான் டொயோட்டா இன்னொரு அறிவிப்பும் செய்தது. ஹைப்ரிட் உள்ளிட்ட மின்மயத் தொழில்நுட்பத்தில் தன்னிடம் இருந்த சுமார் 23,740 காப்புரிமைகளை 2030 கடைசி வரை யார் வேண்டுமானாலும் ராயல்டி இல்லாமல் பயன்படுத்தலாம் என்றது. தர்ம காரியம் மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் தொழில்நுட்ப உதவி வேண்டுமென்றால் கட்டணம் உண்டு. சமையல் குறிப்பு இலவசம், சமையல்காரருக்குச் சம்பளம் தனி. சுசுகி அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு தனியாக முயலவில்லை, சமைத்ததையே வாங்கிக்கொண்டது. புத்திசாலித்தனம் என்றுதான் சொல்வேன். 2010-இல் டொயோட்டா ப்ரியஸை இறக்குமதி செய்து இங்கே விற்றபோது விலை 25 லட்சத்தைத் தாண்டியது. தெருவில் பார்த்தவர்களே குறைவு. மாருதி ஷோரூம் வழியாகப் போனதால்தான் அதே குடும்பத்துத் தொழில்நுட்பம் நம்ம ஊர் அபார்ட்மெண்ட் பார்க்கிங் வரை வந்திருக்கிறது.

எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் ஒருநாள் கேட்டார். "ஏனுங்கம்மா, இதுக்கு சார்ஜ் எங்கீங்க போடறது?"

"எங்கயும் போட வேண்டாமுங்கண்ணா. பெட்ரோல் மட்டும் போட்டாப் போதும்."

"அப்புறம் எதுக்குங்க பேட்டரி?"

சரியான கேள்வி. இதில் இருக்கும் பேட்டரியின் கொள்ளளவு வெறும் 0.76 கிலோவாட்-ஹவர். மாருதியின் முழு மின்சார வண்டியான இ-விட்டாராவில் 49 அல்லது 61. ஆக இது சேமித்து வைக்கும் பேட்டரி அல்ல. பிரேக் போடும்போது வீணாகப் போவதைப் பிடித்து, அடுத்த நிமிஷமே திருப்பிக் கொடுக்கும் பேட்டரி. அதனால்தான் உக்கடம், காந்திபுரம் நெரிசலில் நகர்ந்து நகர்ந்து போகும்போது இந்த வண்டி ஜொலிக்கிறது. ஏசி கம்பிரசரும் மின்சாரத்தில் ஓடுவதால், இன்ஜின் அணைந்திருந்தாலும் உள்ளே குளிர் குறையாது. டவுனில் எனக்கு லிட்டருக்கு 23, 24 வருகிறது. அவிநாசி பைபாஸில் 100-இல் பிடித்தால் 20-க்குக் கீழே இறங்கிவிடும். கம்பெனி சொல்லும் 27.97 டெஸ்ட் கணக்கு.

மலைதான் இந்த வண்டியின் குணத்தை முழுசாகக் காட்டிக்கொடுக்கும் இடம். கல்லாறு தாண்டி குன்னூர் ஏறும்போது நாலு பேர், லக்கேஜ், ஏசி என்றால் பேட்டரி கோடுகள் மளமளவென்று குறையும். காலை அழுத்தினால் சத்தம் உடனே வரும், வேகம் கொஞ்சம் யோசித்து வரும். மூன்று சிலிண்டரின் கரகரப்பு அப்போது நன்றாகவே கேட்கும். இறங்கும்போது தலைகீழ். பர்லியார் வருவதற்குள் பேட்டரி நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு பிடித்த சக்தியை வைக்க இடமில்லையே, அதனால் மோட்டார் இன்ஜினைப் பெட்ரோல் இல்லாமலே சுற்றவிட்டு அதைச் செலவழிக்கும். ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, இன்ஜின் மட்டும் உறுமுகிறது. முதல்முறை கேட்பவர்கள் பயந்துவிடுவார்கள். கோளாறு இல்லை. கியரை B-யில் (பிரேக் நிலை; பார்க்கிங்குக்கான P அல்ல) போட்டு விட்டால் பிரேக்குக்கு வேலை குறையும்.

டிக்கி சின்னது. மைல்டு ஹைப்ரிடில் 373 லிட்டர். இதில் பேட்டரி அடியில் உட்கார்ந்துகொண்டதால் தரை மேடாகி 265 லிட்டர். மார்ச் மாதத்து ஆடிட் ஃபைல் கட்டுகளைப் பின்சீட்டில் வைத்துத்தான் கொண்டுபோகிறேன். குடும்பத்தோடு ரயில்வே ஸ்டேஷன் போகிறவர்கள் பெட்டியோடு போய் ஷோரூமிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள். சீட், சஸ்பென்ஷன், சன்ரூஃப் பற்றி எழுத பெரிதாக ஒன்றுமில்லை; இந்த விலைக்குத் தகுந்த மாதிரி இருக்கின்றன.

இனி என் துறை. அறிமுக விலையில் மைல்டு ஹைப்ரிட் ஆல்ஃபா ஆட்டோமேட்டிக் 16.89 லட்சம், ஹைப்ரிட் ஆல்ஃபா பிளஸ் 19.49 லட்சம். வித்தியாசம் 2.60 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 18 சதவீதம். அதையும் சேர்த்தால் மூன்று லட்சத்தைத் தாண்டும். டவுனில் சாதா ஆட்டோமேட்டிக் 13 கொடுக்கும், ஹைப்ரிட் 23 கொடுக்கும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் சொச்சம் மிச்சம். போட்ட பணம் திரும்ப 90 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். மாசம் 2,000 ஓட்டினால் நாலு வருஷத்துக்குள் முடிந்துவிடும். மாசம் 1,000 என்றால் ஏழெட்டு வருஷம். ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி இருப்பதால் அதற்குள் பேட்டரி போய்விடுமோ என்ற பயம் வேண்டாம்.

அரசாங்கத்தின் கணக்குதான் எனக்குப் பிடிபடவில்லை. மின்சார காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், நம் மாநிலத்தில் சாலை வரி இல்லை. டவுனில் சாதா வண்டி குடிப்பதில் கிட்டத்தட்ட பாதி பெட்ரோலிலேயே ஓடுகிற இந்த வண்டிக்கு 2025 செப்டம்பர் வரை 43, இப்போது 40. எரிபொருள் மிச்சப்படுத்தாத பெரிய பெட்ரோல் எஸ்யூவிக்கும் இப்போது இதே 40-தான்.

ஹைரைடரா, விட்டாராவா என்று குழம்ப வேண்டாம். உள்ளே ஓடுவது ஒன்றே. 2022-இல் ஹைரைடர் ஹைப்ரிட் 15.11 லட்சத்திலேயே தொடங்கியது, மாருதியில் 17.99 லட்சம் இருந்தால்தான் ஹைப்ரிட். 2025 ஏப்ரலில் 16.99 லட்சத்துக்கு டெல்டா பிளஸ் ஹைப்ரிட் வந்த பிறகுதான் மாருதியின் நுழைவு விலை இறங்கியது. சர்வீஸ் எது வீட்டுக்குப் பக்கம் என்று பார்த்து முடிவெடுங்கள். எல்லா ஹைப்ரிட் வேரியண்ட்டிலும் இன்ஜினும் மோட்டாரும் அதேதான் என்பதால், என்னைக் கேட்டால் டெல்டா பிளஸே போதும்.