ஜூலைஸ் பீப்பிளா, டிஸ்ட்ரிக்ட் 9-ஆ?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் வாசகர்கள் கூடிப் பேச முதலில் எதை எடுப்பது, நாவலையா, படத்தையா? நாடின் கோர்டிமரின் ‘ஜூலைஸ் பீப்பிள்’ நாவல் 1981-இல் வந்தது. இனஒதுக்கல் ஆட்சிக்கு எதிராகக் கறுப்பின மாணவர்கள் திரண்ட சோவெட்டோ எழுச்சி நடந்து 5 ஆண்டு கழித்து. உள்நாட்டுப் போர் மூண்டு வெள்ளையர் ஆட்சி கவிழும் என்ற அச்சம் அதில். தப்பியோடிய வெள்ளையர் குடும்பத்தின் மஞ்சள் ‘பக்கி’ (சிறு சரக்கு வண்டி) சாவி, அவர்களின் கறுப்பின வேலைக்காரர் ஜூலையின் கைக்குப் போகிறது. அதிகாரம் கைமாறுவதைக் காட்ட அந்தச் சாவி ஒன்றே போதுமாக இருக்கிறது.

2009-இல் வந்த ‘டிஸ்ட்ரிக்ட் 9’ படத்தில், ஜோகன்னஸ்பர்க் சேரியில் அடைக்கப்பட்ட வேற்றுக்கிரகவாசிகள் வழியே, வெளியிலிருந்து வந்தவர் மீதான வெறுப்பு. வீடு வீடாகக் கதவைத் தட்டி, காலி செய்யும் தாளில் கையெழுத்து வாங்கும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால், இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தப்பட்ட நம் குடும்பங்களுக்கு அது கற்பனையே அல்ல. ஆனால் நைஜீரியர்களை வெறும் கொள்ளைக் கும்பலாகக் காட்டி, தான் கண்டிக்கும் வெறுப்பையே படம் விதைக்கிறது. நாவலே முதலில், படம் அடுத்த வாரம்.