சோனார் எசென்ஸ் எஸ்டிஎக்ஸ்: பல வருடம் ஓடிய சவுண்டு கார்டுக்குள் எது தேய்கிறது?

அசுஸின் சோனார் எசென்ஸ் எஸ்டிஎக்ஸ் 2009-இல் வந்த கார்டு. இன்னும் பல கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது, செகண்ட் ஹேண்டிலும் கைமாறுகிறது. விளம்பரத்தில் பெரிதாகச் சொன்னது 124 டெசிபெல் என்ற சிக்னல்-இரைச்சல் அளவையும் அதன் டேக் சிப்பையும் (டிஜிட்டல் தரவை ஒலிச் சிக்னலாக மாற்றுவது). அந்தச் சிப் வருடங்கள் போனாலும் அப்படியே இருக்கும். ஒலியைக் கெடுப்பவை அதைச் சுற்றியிருக்கிற கெப்பாசிட்டர், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), சாக்கெட், பவர் கனெக்டர்.

முதலில் சிக்னல் போகும் பாதை. ஏவி100 என்ற ஒலிச் செயலி (சி-மீடியாவின் சிஎம்ஐ8788-தான், மேலே அச்சிட்ட பெயர் மட்டும் வேறு) தரவை பர்-பிரவுன் பிசிஎம்1792ஏ டேக்குக்கு அனுப்புகிறது. இந்த டேக்கின் வெளியீடு மின்னோட்டமாக வருகிறது. அதை வோல்டேஜாக மாற்றுவது இரண்டு ஜேஆர்சி 2114டி ஆப்-ஆம்ப்களின் (சிக்னலைப் பெருக்கும் சிறு சிப்கள்) வேலை. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு ஆம்ப். இடது, வலது இரண்டுக்கும் பிளஸ், மைனஸ் என நான்கும் சரியாகப் போய்விடும். அதன் பிறகு பாதை பிரிகிறது. ஆர்சிஏ வெளியீட்டுக்கு (ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் செருகும் இடம்) போகும் சிக்னலை ஓர் எல்எம்4562 ஆப்-ஆம்ப் கையாளுகிறது. ஹெட்ஃபோனுக்குப் போவதை டிபிஏ6120ஏ2 சிப் வாங்கிக்கொள்கிறது. ஆகவே ஹெட்ஃபோனில் மட்டும் கேட்பவர் எல்எம்4562-ஐக் கழற்றி விலை கூடிய ஒன்றைப் போட்டால் ஒரு மாற்றமும் தெரியாது. அது அந்தப் பாதையிலேயே இல்லை.

ஆப்-ஆம்ப் மாற்றுவதில் பலருக்கு ஆசை அதிகம், மூன்றும் சாக்கெட்டில் இருப்பதால். எல்எம்4562-இன் இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்கு 2.7 நானோவோல்ட், அந்த இடத்துக்கு அது தாராளம். அப்படியும் மாற்றுவதென்றால் டூயல் வகை, எட்டு கால் டிஐபி (சாக்கெட்டில் செருகும் நீளக் கால்கள் உள்ள வடிவம்) மட்டுமே நேராக உட்காரும். சிப்பின் பள்ளமும் சாக்கெட்டின் பள்ளமும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் 4-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் சப்ளை தலைகீழாகி சிப் கருகிவிடும். வேகம் மிகுந்த ஆப்-ஆம்ப்கள் இந்த போர்டில் ஆசிலேட் ஆகலாம், அதாவது தாமாகவே அதிரத் தொடங்கலாம். காதுக்கு எதுவும் கேட்காது, சிப் மட்டும் கை வைக்க முடியாதபடி சுடும். மாற்றியதும் ஹெட்ஃபோன், ஸ்பீக்கர் எதையும் செருகாமல், மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஆர்சிஏ நடுமுனைக்கும் வெளிவளையத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட் சரி. பல பத்து மில்லிவோல்ட் காட்டினால் சிப்பை எடுத்துவிடுங்கள்.

கெப்பாசிட்டர்தான் முக்கியமான இடம். இதில் இருப்பவை நிச்சிகான் ஃபைன் கோல்டு வகை எலக்ட்ரோலிடிக். ஒலிக்கு நல்ல பாகம். ஆயுள் தரம் 85 டிகிரியில் 1,000 மணி நேரம். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் 45 டிகிரியில் 16,000 மணி, தினம் எட்டு மணி நேரம் ஓடினால் சுமார் ஐந்தரை வருடம். கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்து ஸ்லாட்டில் செருகி 55 டிகிரியில் வேக வைத்தால் அதில் பாதிதான். ஆயுள் முடிந்த அன்றே கார்டு நின்றுவிடாது. கொள்ளளவு மெல்லக் குறையும், சப்ளையில் உள்ள அலைவு ஒலிக்குள் கசியும், பின்னணியில் மெல்லிய இரைச்சல் ஏறும். அதனால் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து எவ்வளவு தள்ளி ஸ்லாட் கிடைக்கிறதோ அங்கே செருகுங்கள். கெப்பாசிட்டர் மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு அதேதான், வோல்ட் சமமோ அதிகமோ இருக்கலாம், உயரம் உலோக மூடிக்குள் அடங்க வேண்டும். உடம்பில் கோடு உள்ள பக்கம் மைனஸ். பழையதைக் கழற்ற ஈயத்தை உருக்கும்போது கிரவுண்டு கால் எளிதில் சூடேறாது. அவசரப்பட்டு இழுத்தால் போர்டின் துளையில் உள்ள செம்பு கையோடு வந்துவிடும்.

கணினி தொடங்கும்போதும், ஹெட்ஃபோனுக்கும் ஸ்பீக்கருக்கும் மாற்றும்போதும் வரும் 'டிக்' ரிலேயின் சத்தம். அது வந்தால் கார்டு நலம். வரவில்லையென்றால் முதலில் நான்கு முனை மோலெக்ஸ் கனெக்டரைப் பாருங்கள். அனலாக் பகுதிக்கு மின்சாரம் அதன் வழியேதான். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினியின் பவர் சப்ளை) வரும் வயரின் பெண் முனைகள் அகன்று தளர்வது சகஜம், மெல்லிய ஊசியால் இறுக்கலாம். ஒரு பக்கம் மட்டும் ஒலி மங்கி, சத்தத்தைக் கூட்டியதும் சரியானால் ரிலேயின் தொடுமுனையில் படலம் படிந்திருக்கிறது என்று பொருள். கடலோர ஊர்களில் இது சீக்கிரமே வரும். ரிலே மூடிய டப்பா, சுத்தம் செய்ய வழியில்லை. அதே எண்ணுள்ள புதியதைத்தான் போட வேண்டும்.

ஹெட்ஃபோன் பாதையில் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. டிபிஏ6120ஏ2-க்கு வெளியே 10 ஓம் ரெசிஸ்டர் தொடராக வேண்டும் என்பது அந்தச் சிப்பின் தேவை. 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு அது ஒன்றுமே இல்லை, 600 ஓம் வரை கார்டு அழகாகத் தள்ளுகிறது. அதிர்வெண்ணுக்கேற்ப 16 ஓமிலிருந்து 100 ஓம் வரை ஏறியிறங்கும் இன்-இயர் வகையில் கதை வேறு: 16 ஓம் இடத்தில் 4.2 டெசிபெல் இழப்பு, 100 ஓம் இடத்தில் 0.8 மட்டும். வித்தியாசம் 3.4 டெசிபெல், அந்த இயர்ஃபோனின் குணமே மாறிவிடும். இன்-இயர் பிரியர்கள் இந்தக் கார்டை வாங்க வேண்டாம்.

ஆம்ப்ளிஃபயரில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வந்தால் பெரும்பாலும் கார்டு காரணமில்லை, கிரவுண்டு லூப் (இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகள் வயர் வழியே வளையமாவது). கணினியையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பாருங்கள். எர்த் முனையை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள்.

லினக்ஸில் இந்தக் கார்டுக்கான விர்ச்சுவோசோ டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது.

பழைய கார்டு வாங்கும்போது கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, சத்தத்தை மிகக் குறைத்து வைத்தாலும் இரண்டு பக்கமும் சமமாகக் கேட்கிறதா என்று பாருங்கள். விற்பவர் ஆப்-ஆம்ப் மாற்றியிருந்தால் பழைய மூன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழுது வந்தால் அவற்றைப் போட்டுப் பார்த்துத்தான் கோளாறு ஆப்-ஆம்பிலா போர்டிலா என்று பிரிக்க முடியும்.