கல்லூரி நூலகத்துக்கு ஃபீட்பேக் கொடுத்தால் என்ன நடக்கிறது? நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

முதல் செமஸ்டரில் ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் போடுவது, பதில் வராமல் போனதும் "இங்கே சொல்லிப் பிரயோஜனமில்லை" என்று விட்டுவிடுவது. பெரும்பாலான மாணவர்களின் ஃபீட்பேக் அனுபவம் இதோடு முடிகிறது. நான்கைந்து செமஸ்டர் விடாமல் கவனித்தால் நிலவரம் வேறாகத் தெரியும். ஒரே நூலகம் ஒரு கோரிக்கையை அன்று மாலையே முடித்துக் கொடுக்கும், இன்னொன்றை ஓராண்டு இழுக்கும். இதற்கு அலட்சியம் காரணமாக இருப்பது குறைவு. கோரிக்கை யாருடைய மேஜைக்குப் போகிறது, அதை வைத்து வேலையைத் தொடங்கும் அளவுக்கு விவரம் இருக்கிறதா, இந்த இரண்டும்தான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன.

தேடிக் கிடைக்காத புத்தகம், தவறாக விழுந்த அபராதம், கிழிந்த லேபிள் போன்றவற்றை கவுண்டர் ஊழியரே முடித்துவிடுவார். கூடுதல் பிரதி, கடன் நாட்களின் எண்ணிக்கை, இருக்கை அமைப்பு நூலகர் கையில். வைஃபை கணினி மையத்துக்குப் போகும், விளக்கும் ஏசியும் பராமரிப்புப் பிரிவுக்கு, திறப்பு நேரம் நிர்வாகத்துக்கு. இந்தக் கடைசி வகையில் நூலகரால் கடிதம் எழுதத்தான் முடியும். "வைஃபை மோசம்" என்ற புகாரை வைத்து அவர் என்ன எழுதுவார்? "இரண்டாம் மாடி, வடக்குச் சுவரோரம், மதியம் 2 மணிக்கு மேல் இணைப்பு துண்டிக்கப்படுகிறது, போன் லேப்டாப் இரண்டிலும்" என்றிருந்தால் அதை அப்படியே கணினி மையத்துக்கு அனுப்பலாம்.

வழிகளில் எது நல்லது என்று கேட்டால், பெயரும் மின்னஞ்சலும் கேட்கும் ஆன்லைன் படிவம்தான். புகார் எண் கிடைக்கிறது, பதில் சொல்ல ஆள் இருக்கிறார். கருத்துப் பெட்டி பலவீனமான வழி: எப்போது திறக்கிறார்கள் என்பதே பல இடங்களில் தெரியாது, பெயரில்லாத சீட்டுக்கு யாரிடம் விளக்கம் கேட்பது? ஆனால் ஊழியரின் நடத்தை பற்றிய புகாருக்குப் பெட்டி இருந்தே ஆக வேண்டும். அதைப் பெயரோடு எழுதச் சொல்வது மாணவரை வாயடைப்பதற்குச் சமம். கவுண்டரில் வாய்மொழியாகச் சொல்வது சின்ன விஷயங்களுக்கு மிக வேகம், பெரிய விஷயங்களுக்கு வீண். சொன்னது எங்கேயும் பதிவாவதில்லை.

புத்தகப் பரிந்துரையில்தான் இந்த முறையின் பலமும் பலவீனமும் முழுதாகத் தெரியும். தலைப்பை மட்டும் எழுதி அனுப்பும் பரிந்துரைகள் ஏராளம். ஒரே பாடத்தலைப்பில் பல ஆசிரியர்கள் எழுதியிருப்பார்கள். ஒரே ஆசிரியரின் நூலிலும் பதிப்புகள் உண்டு, சாதா அட்டை, கெட்டி அட்டை, மின்நூல் ஒவ்வொன்றுக்கும் தனி ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) உண்டு. 2007 முதல் அது 13 இலக்கம், அதற்கு முந்தைய நூல்களில் 10 இலக்கம். படிவத்தில் ஐஎஸ்பிஎன், பதிப்பு, எந்தப் பாடத்துக்கு, எத்தனை பேர் படிக்கிறார்கள், ஏற்கெனவே இருக்கும் பிரதி ஏன் போதவில்லை, இவ்வளவும் இருந்தால் வாங்கும் பிரிவு திருப்பிக் கேட்க எதுவுமில்லை. "பழைய பதிப்பில் இந்த 3 அத்தியாயங்கள் இல்லை" என்ற ஒரு வரி, பத்துப் பேர் கையெழுத்தைவிட அதிகம் வேலை செய்யும்.

அனுப்பிய பிறகு பரிந்துரை எங்கெல்லாம் போகிறது? ஏற்கெனவே இருக்கிறதா என்று சரிபார்ப்பு, ஒப்புதல், விலைப்புள்ளி, ஆர்டர், வரவு, பதிவேட்டு எண் (ஒவ்வொரு பிரதிக்கும் நூலகம் தரும் எண்), அட்டவணைப்படுத்தல் (நூலகப் பட்டியலில் சேர்ப்பது), பார்கோடு ஒட்டுதல், கடைசியில் ரேக். கோஹா போன்ற நூலக மென்பொருளில் இதன் நிலையை உங்கள் கணக்கிலேயே பார்க்கலாம்: நிலுவை, ஏற்கப்பட்டது, ஆர்டர் செய்யப்பட்டது, கிடைக்கிறது அல்லது நிராகரிக்கப்பட்டது. பலரும் ஆர்டர் கட்டத்தில்தான் தாமதம் என்று நினைக்கிறார்கள். புத்தகம் வந்து, கட்டுப் பிரிக்கப்பட்டு, பதிவு வேலைக்காக உள்ளறையில் காத்துக் கிடக்கும் நாட்களும் உண்டு. அட்டவணையில் நூலின் பதிவு தெரிந்தவுடன் அதை ரிசர்வ் செய்துவிடுங்கள். ஆள் காத்திருக்கும் புத்தகத்தை முதலில் முடிப்பது பல நூலகங்களில் வழக்கம். நிதியாண்டின் கடைசியில் அனுப்பிய பரிந்துரை, பணம் முடிந்துவிட்டால் அடுத்த ஒதுக்கீடு வரை அப்படியே நிற்கும். ஆண்டின் தொடக்கத்தில் அனுப்புவதே நல்லது.

கூடுதல் பிரதி கேட்க, புகாரைவிட ரிசர்வ் வலுவானது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். நூலக மென்பொருள் கடன் கொடுத்ததைப் பதிவு செய்யும், கிடைக்காமல் திரும்பிப் போனவரைப் பதிவு செய்யாது. முப்பது பேர் ரேக்கைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் அந்தத் தேவைக்குச் சாட்சியே இல்லை. பன்னிரண்டு பேர் ரிசர்வ் வரிசையில் நின்றால், பிரதிக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற அறிக்கையில் அந்த நூல் மேலே வந்து நிற்கும். மின் இதழ்களிலும் இதே கதைதான். 'கவுண்டர்' என்ற சர்வதேசப் பயன்பாட்டு அறிக்கை முறையில், உரிமம் இல்லாததால் மறுக்கப்பட்டவை, ஒரே நேரப் பயனர் வரம்பு தாண்டியதால் மறுக்கப்பட்டவை என்று இரண்டு கணக்கு உண்டு. கல்லூரி இணைப்பு வழியாக உள்ளே நுழைந்து, திறக்காத கட்டுரையைத் திறக்க முயன்றாலே அது எண்ணிக்கையில் சேரும். வேறு வழியில் கட்டுரையைத் தேடி எடுத்துக்கொள்பவர்களின் தேவை நூலகத்துக்குத் தெரியவே தெரியாது.

அடுத்து, "அட்டவணையில் இருக்கிறது, ரேக்கில் இல்லை." அலுப்பூட்டும் புகார்தான், ஆனால் நூலகம் நன்றாகக் கையாளக்கூடியதும் இதுதான். அழைப்பு எண்ணையும் (ரேக்கில் நூலின் இடத்தைக் காட்டும் எண்) பதிவேட்டு எண்ணையும் கொடுத்தால், ஊழியர் திருப்பி அடுக்கும் தள்ளுவண்டி, வாசிப்பு மேஜைகள், அதே தட்டின் இரு பக்கம், மேலும் கீழும் உள்ள தட்டுகள் என்று வரிசையாகப் பார்ப்பார். பல நேரம் அங்கேயே அகப்பட்டுவிடும். அடிக்கடி இடம் மாறுவது தசம எண்ணால். டியூயி என்ற நூல் வகைப்பாட்டு முறையில் நிரல் மொழிகள் 005.133, தரவுத்தளங்கள் 005.74. புள்ளிக்குப் பின் இலக்கம் இலக்கமாகப் பார்க்க வேண்டும், 1 முதலில், 7 பிறகு. ஆகவே 005.133தான் முன்னால் வரும். 133 பெரியது, 74 சிறியது என்று முழு எண்ணாகப் படித்தவர் புத்தகத்தை மாற்றிச் சொருகிவிடுகிறார். அங்கிருந்து அது யார் கண்ணிலும் படாது. ஒரே ரேக்கைப் பற்றி இரண்டு மூன்று புகார் சேர்ந்தால், அந்த ரேக் முழுவதையும் வரிசை சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தேர்வு நேரத்தில் வேண்டுமென்றே வேறு ரேக்கில் ஒளித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது சக மாணவருக்குச் செய்யும் அநியாயம், எந்த ஃபீட்பேக் முறையும் அதைச் சரிசெய்யாது. அந்த நூல்களைக் கவுண்டருக்குப் பின்னால் வைத்துச் சில மணி நேரக் கடனாகக் கொடுப்பதே நடைமுறைத் தீர்வு. தேடியும் கிடைக்காவிட்டால் "காணவில்லை" என்று அட்டவணையில் குறிக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள், அடுத்து வருபவராவது அலைய மாட்டார்.

சத்தம், இருக்கை விஷயத்தில் நூலகங்களின் முதல் பதில் ஒரு அறிவிப்புப் பலகைதான். அதனால் எதுவும் மாறுவதில்லை. குழு விவாத மேஜையை அமைதிப் பகுதியிலிருந்து வேறு தளத்துக்கு மாற்றினால் மாறும். பையை வைத்து இடம் பிடிப்பதற்கு எதிரான விதி, ஊழியர் சுற்றி வந்து நேரம் எழுதிய சீட்டை மேஜையில் வைத்தால்தான் நிற்கும். விளக்குப் புகாருக்கு அளவு இருக்கிறது: ஐரோப்பியத் தரநிலை நூலக வாசிப்புப் பகுதிக்கு 500 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு), புத்தக ரேக்குக்கு 200 லக்ஸ் சொல்கிறது. போன் செயலியின் அளவு துல்லியமில்லை என்றாலும், ஒரு மேஜைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டப் போதும்.

ஆண்டுக் கருத்துக்கணிப்பு பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. "திருப்தியா? 1 முதல் 5" என்று கேட்டால் எல்லோரும் 4 போட்டுவிட்டுப் போவார்கள். 2000இல் தொடங்கிய லிப்குவால் என்ற நூலகச் சேவைத் தரக் கணிப்பு இதைச் சரியாக யோசித்தது. அதன் 22 முதன்மைக் கேள்விகளில் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை மூன்று மதிப்பெண்: குறைந்தபட்சம் எது வேண்டும், எது விருப்பம், இப்போது கிடைப்பது எவ்வளவு. கிடைப்பது குறைந்தபட்சத்துக்கும் கீழே போன இடம்தான் முதலில் கை வைக்க வேண்டிய இடம். பெரிய கணிப்பு நடத்த வசதியில்லாத கல்லூரியும் இந்த மூன்று கேள்வியை ஐந்தாறு விஷயத்துக்குக் கேட்கலாம். நூலகத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வாசலில் மட்டும் படிவம் கொடுத்தால் அவர்கள் விடுபட்டுப் போவார்கள்.

"நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் செய்தோம்" பலகை பல நூலகங்களில் உண்டு. செய்தவற்றை மட்டும் எழுதும் பலகை பாதிப் பலகை. "இரவு முழுக்கத் திறக்க முடியாது, இரவுக் காவலுக்கு ஆள் ஒதுக்கீடு இல்லை, தனி வாசல் உள்ள கீழ்த்தள வாசிப்பறையைத் தேர்வு மாதத்தில் மட்டும் 11 மணி வரை திறக்கக் கேட்டிருக்கிறோம்" என்று ஒரு மறுப்பு காரணத்தோடு எழுதப்பட்டிருந்தால், அதைப் படிப்பவர் அடுத்த முறையும் எழுதுவார். 1931இல் இந்திய நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. முடியாததை முடியாது என்று உடனே சொல்வதும் அந்த விதிக்குள் அடங்கும்.

இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் புதுப் புகார் எழுதாதீர்கள், பழைய எண்ணைக் குறிப்பிட்டே தொடருங்கள். புதிதாக எழுதினால் கணக்கு முதல் நாளிலிருந்து தொடங்கும். அதற்கும் அசையாவிட்டால் நூலகக் குழுவின் மாணவப் பிரதிநிதியிடம் கொடுங்கள். கூட்டத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலில் சேர்த்தால்தான் அது நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகும், அடுத்த கூட்டத்தில் "என்ன ஆயிற்று" என்று கேட்க முடியும்.