பால்வேர்ல்டு: முகம் இரவல், வேலை சொந்தம்

பாக்கெட்பேர் நிறுவனத்தின் பால்வேர்ல்டு என்ற வீடியோ விளையாட்டு 2024 ஜனவரி 19 அன்று ஏர்லி ஆக்ஸஸில், அதாவது முழுமையடையும் முன்பே விற்பனைக்கு, வந்தது. வருமுன்பே 'துப்பாக்கி பிடித்த போக்கிமான்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. போக்கிமான் என்பது விநோத உயிரினங்களைப் பிடித்துச் சேர்க்கும் பிரபல விளையாட்டுத் தொடர்; இங்கே அப்படிப் பிடிக்கும் உயிரினங்களுக்குப் 'பால்' (Pal) என்று பெயர். பாதி நியாயமான பட்டப்பெயர்தான்.

ஒரு உருவம் காப்பியா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. படத்தை முழுக்கக் கறுப்பாக்கி, கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்குங்கள். அனுபிஸ் என்ற பால் இந்தச் சோதனையில் போக்கிமானின் லூகாரியோவாகிவிடுகிறது. எகிப்தின் குள்ளநரித் தலைக் கடவுள் யார் வீட்டுச் சொத்தும் இல்லைதான். ஆனால் அவரை வரைய நூறு வழி இருக்கிறதே! வெர்டாஷ் இன்னும் மோசம். சின்டரேஸ் என்ற போக்கிமானின் உடல்வாகை வைத்துக்கொண்டு பச்சை பூசியதுபோல இருக்கிறது. கண் முதலில் பிடிப்பது வெளிக்கோட்டை. நிறத்தை மாற்றி அதை மறைக்க முடியாது. லாம்பால் பரவாயில்லை: போக்கிமானின் வூலூபோல உருண்டை ஆடு என்றாலும் இரண்டு காலில் நிற்கிறது.

ஆனால் பால்கள் (தமிழில் எழுதினால் மாட்டுக்கொட்டகை நினைவு வருகிறது, மன்னிக்கவும்) அசையத் தொடங்கியதும் கதை மாறுகிறது. லாம்பாலைக் கேடயமாகப் பிடிக்கலாம். ஃபாக்ஸ்பார்க்ஸுக்குச் சேணம் செய்துவிட்டால் அதையே கையில் ஏந்தி நெருப்பு பீய்ச்சலாம். க்ரிஸ்போல்ட் முதுகில் ஏறினால் மினிகன் கிடைக்கும். அனுபிஸ்கூட கைவேலையில் 4ஆம் நிலைத் தொழிலாளியாக முகாமில் பட்டறைக்கு ஓடும்போது லூகாரியோ மறந்துபோகிறது. டிப்ரெஸ்ஸோவுக்கு இந்தச் சலுகையே தேவையில்லை. தூக்கம் கெட்ட கண்ணும் காஃபின் மோகமும் கொண்ட அந்தப் பூனை, நின்றாலே யாரென்று தெரிகிறது. இந்த விளையாட்டின் நல்ல டிசைன் அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், 2024 செப்டம்பரில் நிண்டெண்டோவும் போக்கிமான் கம்பெனியும் தொடுத்த வழக்கு தோற்றத்தைப் பற்றியதல்ல, காப்புரிமை (patent) பற்றியது. அதனால் நவம்பரில் வந்த 0.3.11 பதிப்பில், உருண்டையை எறிந்து பாலை வரவழைப்பது போனது. இப்போது பக்கத்திலேயே வந்து நிற்கும். 2025 மேயில் வந்த 0.5.5இல், பாலைப் பிடித்து மிதப்பதும் போனது. இரவல் முகங்கள் அப்படியே இருக்க, கைக்குப் பழகிய இரண்டு அசைவுகளுக்குத்தான் வெட்டு.

புதிதாக வாங்குபவர்கள் பழைய வீடியோக்களை நம்பி மலையேற வேண்டாம். கேல்க்ளா என்ற பால் கூட இருந்தால் மிதப்பதற்கு உதவி கிடைக்கும், ஆனால் பையில் கிளைடர் (காற்றில் மிதக்க உதவும் கருவி) இல்லாவிட்டால் கீழே விழ வேண்டியதுதான்.