தேங்கி நிற்கும் கிட்டார் கைக்கு எந்த ஆசிரியர்? நேர் வகுப்பு, இணைய வகுப்பு, காணொளித் திருத்தம்: ஓர் ஒப்பீடு

கிட்டாரைத் தாமாகவே கற்றவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். ஜி, ஏ மைனர் போன்ற கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) கைக்கு வந்திருக்கும். தாளத்தைத் தட்டிக்காட்டும் கருவியான மெட்ரோனோமின் வேகத்தைச் சற்றுக் கூட்டினாலோ விரல்கள் இறுகிச் சுரங்கள் மழுங்கிவிடும். இந்தத் தேக்கம் புதிதன்று. தந்திச் செய்திகளை அனுப்பிப் பெறும் பணியாளர்களின் கற்றலை ஆராய்ந்த பிரையன், ஹார்ட்டர் ஆகிய இரு அமெரிக்கர்கள், முன்னேற்றக் கோடு நடுவில் ஏறாமல் கிடைமட்டமாக நீள்வதை 1897லேயே பதிவு செய்தனர். ஓர் அசைவு பழக்கமாகிவிட்டபின் அதைச் செய்பவரின் கவனத்துக்கே அது எட்டுவதில்லை என்பதால், இந்நிலையில் தேவைப்படுவது புதிய பாடமன்று, கையைப் பார்த்துக் குறையைக் கண்டுசொல்லும் ஒருவர்தான். ஆகவே ஒவ்வொரு வழியையும் இந்த ஓர் அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும்.

இவ்வகையில் நேர் வகுப்பே முதலிடம் பெறுகிறது. கிட்டாரின் கழுத்துப் பகுதிக்குப் பின்னால் கட்டைவிரல் அழுந்தும் விதத்தையும், வேகம் கூடும்போது தோள் மேலேறுவதையும் ஆசிரியர் சுற்றி வந்து பார்க்கலாம். கூடவே வாசித்துத் தாளத்தைச் சோதிக்கலாம். ஆனால், வைத்திருக்கும் பாடத்திட்டத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியறியாத ஆசிரியர்களும் உண்டு. பல ஆண்டுகள் வாசித்தவருக்கு அவர்களால் பயனில்லை. வாரந்தோறும் வகுப்பு என்னும் வழக்கமும் இங்கே அவசியமில்லை என்பேன். பழைய பழக்கத்தைக் கலைக்கும்போது வாசிப்பு சில காலம் முன்னிலும் மோசமாகும். புதிய பழக்கம் நிலைகொள்ள இரு வார இடைவெளி நல்லது.

இணைய நேரலை வகுப்பில் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதிகம். எனினும் ஒலி சென்று சேரும் தாமதம் ஏறத்தாழ 30 மில்லி நொடியைத் தாண்டினாலே இருவர் சேர்ந்து வாசிப்பது கடினம். வழக்கமான காணொளி அழைப்புகளில் தாமதம் அதைவிட மிகுதி. மேலும், பேச்சுக்கென அமைந்த இரைச்சல் நீக்கும் வசதி நீண்டொலிக்கும் சுரத்தை இரைச்சலாகக் கருதி வெட்டிவிடுவதுண்டு. வகுப்புக்கு முன் அதை அணைத்துவிட வேண்டும். கைத்திருத்தத்தைவிட இசைக் கோட்பாட்டுக்கும், ஃபிரெட்களில் (கழுத்தின் குறுக்கே பதிந்த உலோகப் பட்டைகளில்) சுரங்களின் இடமறிவதற்குமே இவ்வழி ஏற்றது.

பலர் பொருட்படுத்தாத மூன்றாவது வழி, வாசிப்பைப் படம்பிடித்து ஆசிரியருக்கு அனுப்பித் திருத்தம் பெறுவது. காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்க்க முடிவதால், மீட்டும் சிறு வில்லையான பிக், கம்பியை எவ்வளவு ஆழமாகத் தொடுகிறது என்பதுகூடத் தெரியவரும். நேரில் இது எளிதில் தப்பிவிடும். சொன்ன திருத்தத்தை அங்கேயே செய்து காட்டிச் சரிபார்க்க இயலாது என்பதே இதன் குறை. எனவே முதல் சில வகுப்புகளை நேரில் முடித்துக்கொண்டு, பின்னர் இவ்வழிக்கு மாறுவதே என் தேர்வு.

குழு வகுப்பு தாளக் கட்டுப்பாட்டுக்கு உதவும், தனிக்கைக் குறைக்கு உதவாது. பதிவு செய்யப்பட்ட பாடங்களைத்தான் தானே கற்றவர் ஏற்கெனவே பார்த்திருப்பாரே!

எவ்வழியாயினும், மாதிரி வகுப்புக்குத் தடுமாறும் பகுதியையே வாசித்துக் காட்டுங்கள். கேட்டு முடிக்குமுன்பே பேசத் தொடங்குபவரையும், ஒரே மூச்சில் பத்துக் குறைகளை அடுக்குபவரையும் தவிர்த்து, ஒன்றை மட்டும் சுட்டி அதன் காரணத்தையும் விளக்குபவரைத் தேர்ந்தெடுங்கள். மணிக்கட்டில் வலி நீடித்தால் ஆசிரியருக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.