ரன்லெவல் எண்ணிலிருந்து டார்கெட்டுக்கு: ஒரு சர்வர் நிர்வாகியின் அனுபவம்

ரெட் ஹேட், டெபியன் என்ற இரண்டு லினக்ஸ் வகைகள், சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் இயங்குதளம் மூன்றையும் ஒருசேரக் கவனித்த காலத்தில் எனக்குத் தலைவலியாக இருந்தது ரன்லெவல்தான். சிஸ்டம் எந்த நிலையில் எழ வேண்டும் என்பதைச் சொல்லும் எண்தான் ரன்லெவல்; மூன்றிலும் அது உண்டு, அர்த்தம்தான் ஆளுக்கொன்று. ரெட் ஹேட்டில் 5 என்றால் வரைகலைத் திரை. சோலாரிஸில் அதே 5 மெஷினையே அணைத்துவிடும்! ஸ்லாக்வேர் என்ற இன்னொரு லினக்ஸில் திரை வேண்டுமென்றால் 4. டெபியனில் 2 முதல் 5 வரை எல்லாம் ஒன்றுதான். ரன்லெவலை மாற்றும் இனிட் கட்டளை கொடுப்பதற்கு முன், சிஸ்டத்தின் பெயரைக் காட்டும் யூநேம் அடித்து எந்த மெஷினில் இருக்கிறோம் என்று பார்ப்பது எங்கள் குழுவில் எழுதாத சட்டம்.

லினக்ஸ் வகைகளுக்கான பொதுத் தரநிலையான லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ் இதை ஒழுங்குபடுத்தப் பார்த்தது. 3 முழுப் பயன்பாடு, 5 வரைகலை, 4 அவரவர் விருப்பம். கிட்டத்தட்ட ரெட் ஹேட் வழக்கம்தான். டெபியன் தன் எண்களை மாற்றவில்லை. அந்தத் தரநிலையில் எனக்கு உதவியது, சேவைகளைத் தொடங்கும் ஸ்கிரிப்ட்களின் தலைப்பில் வரும் ரிக்வயர்டு-ஸ்டார்ட் வரி மட்டுமே. எது எதற்கு முன் எழ வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும்.

நிஜமான ஒற்றுமை, பழைய இனிட்டுக்குப் பதிலாக வந்த சிஸ்டம்டியோடுதான் வந்தது. அதில் எண்ணுக்குப் பதில் டார்கெட் என்று பெயர் வைத்த நிலைகள். 2014-இல் ரெட் ஹேட் 7, 2015-இல் டெபியன் 8. இப்போது இரண்டிலும் மல்ட்டி-யூசர் டார்கெட், கிராஃபிக்கல் டார்கெட் என்ற அதே பெயர்கள். எந்த நிலையில் எழ வேண்டும் என்று மாற்ற செட்-டிஃபால்ட் என்று ஒரு வரி போதும், முன்பு அந்த எண்ணை வைத்திருந்த இனிட்டேப் கோப்பைத் திறக்க வேண்டியதில்லை. சிஸ்டம்டியை எதிர்த்து நடந்த சண்டைகளில் பல வாதங்கள் எனக்கும் நியாயமாகவே பட்டன. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் புகார் இல்லை.

பழுதான சிஸ்டத்தைச் சரிசெய்வதற்கான ரெஸ்க்யூ டார்கெட் வேறு கதை. ரூட் என்ற தலைமை நிர்வாகிக் கணக்கு பூட்டியிருந்தால் கட்டளை அடிக்கும் ஷெல் தராது, பூட்டியிருக்கிறது என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். ரூட்டைப் பூட்டிவிட்டு, சாதாரணக் கணக்குக்கு நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவை மட்டும் நம்பும் மெஷின்களில் இப்படி மாட்டினால், பூட் ஆகும்போது கர்னலுக்குக் கொடுக்கும் வரியில் இனிட் இடத்தில் பாஷ் (bash) ஷெல்லைக் கொடுத்துத்தான் உள்ளே போகிறேன். மீட்புக்கென்றே இருக்கும் நிலை இப்படிக் கைவிடுவது எரிச்சல்தான்.

லினக்ஸ் அல்லாத, யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ரன்லெவலே கிடையாது. ஒற்றைப் பயனர், பல பயனர், அவ்வளவுதான். ஆனால் அங்கே ஷட்டவுன் நவ் என்று மட்டும் அடித்தால் மெஷின் அணையாது, ஒற்றைப் பயனர் நிலைக்கு இறங்கும். சிஸ்டம்டி லினக்ஸில் அதே வரி அணைத்துவிடும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் அணைக்க வேண்டுமென்றால் -பி சேர்த்தே அடியுங்கள்: ஃப்ரீபிஎஸ்டியில் சின்ன எழுத்து -p, சிஸ்டம்டி லினக்ஸில் பெரிய எழுத்து -P.